டெண்டுத் திடல்ல தங்க வந்த சடைச்சி

ஆனி பொறந்து, மலைமேல சாரல் தொடங்கி, குறுங்கலயத்துக்கு வெளியூர் பஸ்ஸுங்க வரிசை கட்டி வர ஆரம்பிச்ச ஒரு செவ்வாக்கிழமை காலையில, அந்த ஊரு அருவி சடைச்சி, காலங்காலமா விழுந்துக்கிட்டிருந்த பாறையை விட்டு எறங்கி, தன்னோட தண்ணியெல்லாம் சேலைக் கொசுவம் மாதிரி அள்ளிப் புடிச்சிக்கிட்டு, பஸ் ஸ்டாண்டு வழியா நடந்து, டீக்கடையில நின்னவங்க கிளாஸோட ஒதுங்கி வழிவிட, செக்போஸ்ட்டுக் கம்புக்குக் கீழ குனிஞ்சு, வளைவு வளைவா மலை ஏறி, மேட்டுப்பூங்காவுல சர்க்கார் நடத்துற டெண்டுத் திடலுக்கு வந்து கேட்டுக்கு வெளிய நின்னா.

கேட்டுல இருந்தது மாடத்தி. திடலுக்கு அவதான் காவல், அவதான் கூட்டிப் பெருக்கறது, கக்கூஸ் சாவியும் அவ இடுப்புலதான். திடல்ல தங்குறவங்களுக்கு என்னென்ன விதின்னு ஒரு போர்டு இருந்துச்சு, ஆனா அதை குரங்குங்க மட்டுந்தான் உக்காந்து படிக்கும். மனுசங்களுக்கு மாடத்தி வாயிதான் போர்டு.

அருவி வந்து நின்னதப் பாத்து அவ ஆச்சரியப்படல. போன வருசம் ஒரு கல்யாணக் கோஷ்டி, மாப்பிள்ளைய வழியில மறந்துட்டு ஆட்டுரல மட்டும் பத்திரமா எறக்கிட்டு வந்துச்சு. இன்னொருத்தரு டெண்டுக்குள்ள கட்டில் வேணும், கட்டிலுக்குக் கீழ மாமியாருக்கு இன்னொரு டெண்டு வேணும்னு அடம் புடிச்சாரு. இதையெல்லாம் பாத்தவளுக்கு அருவியும் ஒரு விருந்தாளி, அவ்வளவுதான்.

"எத்தன பேரு?"ன்னு கேட்டா.

சடைச்சி ஒத்தையாத்தான் வந்திருந்தா. கூட கொஞ்சம் மீனு, ஒரு நண்டு.

"மீனு பரவால்ல. நண்டு கயித்துக்குள்ளயே இருக்கணும். அடுத்தவன் கட்டைவெரலப் புடிச்சுதுன்னா நான் பொறுப்பு இல்ல. இங்க பாரு தாயி, உனக்குன்னு நாலு கம்பு நட்டு, கயிறு கட்டி ஒரு இடம் தருவேன். அதுக்குள்ள நீ ராணி. அடுத்தவங்க கயித்துக்குள்ள கால வைக்கணும்னா வெளிய நின்னு 'உள்ள வரலாமா'ன்னு கேக்கணும். வான்னா போ. வேண்டாம்னா திரும்பு, மூஞ்சத் தூக்கப்படாது. உங்கிட்ட வாரவங்களும் அப்படித்தான் கேப்பாவ."

இதைக் கேட்டதும் சடைச்சி தல மொதக்கொண்டு கால் வரைக்கும் ஒரு சிலுப்பு சிலுப்புனா பாருங்க, மாடத்தி சேலை பாதி நனைஞ்சு போச்சு. ஏன்னா அந்த அருவி பொறந்து, விழுந்து, பாறையத் தேச்சு வழவழன்னு ஆக்கி, இத்தன தலைமொறைக்குத் தலையில கொட்டியும், உள்ள வரலாமான்னு ஒருத்தன் கேட்டது கிடையாது. பஸ்ஸு நிக்கும் முன்னாடியே சட்டையக் கழத்திக்கிட்டு குதிப்பான். எண்ணெயத் தேச்சிட்டு வந்து மேல ஒரசுவான். ஷாம்பு பாக்கெட்ட பல்லால கிழிச்சு அவ முந்தானையிலயே துப்புவான். கிழவன், வாலிபன், வெள்ளை வேட்டி, கோட்டு சூட்டு, எல்லாரும் அவ மடியில ஊளையிட்டவன்தான்.

"விளக்கு வெச்சப்புறம் சத்தம் ஆகாது"ன்னு மாடத்தி தொடர்ந்தா. "அடுப்பு கல்லு வட்டத்துக்குள்ள மட்டும். உனக்கு அடுப்பு எதுக்கு, விடு. குடிதண்ணிக் குழாயில ஏனம் கழுவப்படாது. கொண்டு வந்த குப்பையக் கொண்டு போகணும். ஏழு நாளைக்கு மேல யாரும் தங்கப்படாது, கலெக்டரு மாமனாரா இருந்தாலும் சரி. போம்போது, வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி இடத்த விட்டுட்டுப் போகணும். சம்மதமா?"

சம்மதம்னு சடைச்சி ஒரு கை தண்ணிய கேட்டுக் கம்பியில தெளிச்சா. மாடத்தி அவளுக்கு மலை ஓரமா, நாவல் மரத்தடியில ஒரு இடம் குடுத்தா.

அருவிக்கு என்ன அடக்கம்ங்கிறீங்க! கயிறு கட்டுன அளவுக்குள்ள, மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு சொட்டு வெளிய போகாம நின்னு விழுந்தா. விளக்கு வெச்சதும் நாவல் மரத்துப் பாசியில ஒரு மெத்தை போட்டு அதுல சத்தமில்லாம படுத்துக்கிட்டு, ஒரே ஒரு இலை மேல ஒவ்வொரு சொட்டா, தாலாட்டுறவ தொட்டிலத் தட்டுற மாதிரி விட்டுக்கிட்டு இருந்தா. பக்கத்து டெண்டுல ஒரு தூத்துக்குடிக் குடும்பம் இருந்துச்சு. அந்த வீட்டம்மா கயித்துக்கு வெளிய நின்னு, "உள்ள வரலாமாக்கா, பிள்ளைங்க குளிக்கணும்ங்குது"ன்னு கேட்டா. சடைச்சி பிள்ளைங்களுக்கு முழங்கால் உசரத்துக்குத் தாழ்ந்து குடுத்தா. அந்தம்மா புருசன் பனியனோட வந்து கேட்டப்ப வேண்டாம்னு தண்ணிய நிறுத்திக்கிட்டா. அவரும் "சரிங்க"ன்னுட்டு வாளியத் தேடிப் போனாரு. அவ்வளவுதான் விசயம். ஒருத்தர் மூஞ்சியும் சுருங்கல.

ஆனா கீழ ஊர்ல?

பாறை, மொட்டை போட்டு சந்தனம் பூசாத தலை மாதிரி காஞ்சு நின்னுச்சு. வெளியூர்க்காரங்க பாதி பேரு உடம்பெல்லாம் எண்ணெயோடயும், மீதிப் பேரு தலையெல்லாம் நுரையோடயும், துண்டக் கட்டிக்கிட்டு பாறையையே பாத்துக்கிட்டு நின்னாங்க. குறுங்கலயத்துல ஒருத்தர் கூட அருவி எப்படிய்யா நடக்கும்னு கேக்கல. அவ கோவிச்சிக்கிட்டுப் போயிட்டாங்கிறது பாத்தாலே தெரிஞ்சுது. கல்யாண வீட்டுல பந்தியில கவனிக்கலேன்னு செருப்ப மாட்டுற தாய்மாமன எத்தன பேர பாத்திருக்கு அந்த ஊரு! அதனால கேட்டதெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான்: "யாருல அவளக் கோவப்படுத்துனது?"

"எண்ணெய்தான். வழுக்கி வழுக்கி அவளுக்கே கால் நிக்கல"ன்னா பஜ்ஜிக் கடை வள்ளிமயிலு.

"உன் பஜ்ஜிக் காயிதம் அவ காலச் சுத்திக் கெடந்துச்சே, அதச் சொல்லு"ன்னாரு பூலித்துரை.

பூலித்துரை, மாடத்தியோட வீட்டுக்காரரு. அருவிக்கரையில எண்ணெய் தேச்சி விடுறவங்கள்ல அவருதான் பெரிய கை. வாயி அத விடப் பெருசு. அவரு ரகசியம் சொன்னா அடுத்த ஊரு பஸ்ஸு பிரேக் போடும். பொண்டாட்டி டெண்டுக்குக் காவல் இருக்கிறது அவருக்கு வருசம் பூரா சிரிப்பு. "எம் பொண்டாட்டி துணிக்கு வாட்ச்மேன்"னு சொல்லிச் சொல்லித்தான் எண்ணெய் தேப்பாரு. இப்ப அந்தத் துணி வாட்ச்மேன் கிட்டதான் அருவி இருக்குன்னு தெரிஞ்சதும், மூச்சு வாங்க மலை ஏறி வந்து கேட்டுக்கு வெளிய நின்னு கத்துனாரு.

"ஏட்டி மாடத்தி! அவளக் கீழ பத்தி விடுட்டி! சீசன் போவுது!"

"மெதுவாப் பேசுங்க. அவ ஒரு குத்தமும் பண்ணல. விதிய மீறாத விருந்தாளிய எப்படிப் பத்த?"

"நம்ம பொழப்பு என்னாகும்?"

மாடத்தி மலை ஓரத்தக் கையக் காட்டுனா. சடைச்சி தங்கின இடத்துக்குப் பின்னால பத்தடி தாண்டுனா மலை முடிஞ்சுது. அதுக்கப்புறம் பள்ளம், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கேரளா.

"இன்னொரு தடவ அவ மனசு நொந்துச்சு, அங்கிட்டு எறங்கிருவா. அப்புறம் அவளக் கூப்பிட நாம மலையாளம் படிக்கணும்"னா மாடத்தி.

பூலித்துரைக்கு மொத தடவையா வாயி மூடிச்சு. மாடத்திக்கும் சிரிப்பு வரல. குறுங்கலயத்துல ஒவ்வொரு அடுப்பும் அந்த அருவித் தண்ணிய நம்பித்தான் எரியுது, அவ வீட்டு அடுப்பும் சேத்து. சடைச்சி திரும்பி அந்தப் பாறைக்குப் போகலேன்னா ஊரு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆனா கயித்துக்குள்ள கால நீட்டி நிம்மதியா விழுந்துக்கிட்டிருக்கிறவள, போன்னு சொல்லவும் அவளுக்கு நாக்கு எழல.

மறுநாள் ஊரு கூடி சமாதானம் பண்ண வந்துச்சு. கோவிச்சிட்டுப் போன சொந்தத்த எப்படிக் கூப்பிடணுமோ அப்படியே வந்தாங்க. முன்னால மேளம், நாயனம், பின்னால தாம்பாளத் தட்டு, அதுக்குப் பின்னால ஊர்த் தலைவரு ஐயம்பெருமாள் அண்ணாச்சி, இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளை வேட்டியில. தட்டுல என்ன வைக்கிறதுன்னு ராத்திரி பூரா பேசிருக்காங்க. அவளுக்குப் புடிச்சத வைக்கணும். அவளுக்கு என்ன புடிக்கும்? ஒருத்தருக்கும் தெரியல. கடைசியில, இத்தன வருசமா அவளுக்கு எதக் குடுத்துக்கிட்டிருந்தோமோ அதையே குடுப்போம்னு முடிவு பண்ணி, ஒரு தட்டுல நல்லெண்ணெய், ஒரு தட்டுல சீயக்கா, ஒரு தட்டுல சோப்பு, ஒரு தட்டுல ஷாம்பு பாக்கெட்ட சரம் சரமா பூ மாதிரி சுத்தி எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க.

வந்தவங்க தூத்துக்குடிக்காரங்க கயித்துமேல நடந்தாங்க. ஒருத்தன் குடிதண்ணிக் குழாயில கால் கழுவுனான். வள்ளிமயிலு வந்த அலுப்புக்கு ஒரு காப்பி போடலாமேன்னு கண்ட எடத்துல மூணு கல்லக் கூட்டி தீ மூட்டுனா. மேளக்காரன் சடைச்சி காதுகிட்டயே போய் நின்னு தனி ஆவர்த்தனம் வாசிச்சான். ஐயம்பெருமாள் அண்ணாச்சி கயித்தத் தாண்டி உள்ள காலெடுத்து வெச்சு, "நடந்தது நடந்து போச்சு ஆத்தா, பெரிய மனசு பண்ணு"ன்னு சொல்லிக்கிட்டே எண்ணெயக் கொண்டு போய் அவ காலடியில ஊத்துனாரு.

சடைச்சி சுருங்குனா. மரம் உசரம் இருந்தவ ஆள் உசரம் ஆனா, ஆள் தடிமன் இருந்தவ கை தடிமன் ஆனா, கடைசியில தாலிச்சரடு மாதிரி ஒத்த இழையா மெலிஞ்சு, மலை ஓரத்துக் கயித்துமேல போய்ச் சாஞ்சு அந்தப் பக்கம் எட்டிப் பாத்தா.

மாடத்தி வாயில விசில வெச்சு ஊதுன ஊதுல நாயனத்துக்கே சுருதி எறங்கிருச்சு.

"எல்லாரும் வெளிய!"

"ஏம்மா, நான் ஊர்த் தலைவரு"ன்னாரு அண்ணாச்சி.

"தலைவருக்குத் தனி வழி இல்ல அண்ணாச்சி. வந்த வழிதான்."

"நான் உம் புருசன்ட்டி!"ன்னாரு பூலித்துரை.

"கேட்டுக்கு வெளிய புருசன். இங்க நீங்க கயித்த மிதிச்ச ஆளு. கால எடுங்க."

எல்லாரையும் கேட்டுக்கு வெளிய தள்ளிப் பூட்டிட்டு, கம்பி வழியா மாடத்தி சொன்னா: "அவளப் பாக்கணும்னா பாருங்க. ஆனா விருந்தாளியா வாங்க. டெண்டு போட்டு, கயிறு கட்டி, இங்க உள்ள விதிக்குள்ள தங்குங்க. அவ கண்ணு முன்னாடி."

"உள்ளூர்க்காரன் எதுக்கும்மா உள்ளூர்லயே டெண்டுல படுக்கணும்? வெளியூர்க்காரன் சிரிக்க மாட்டானா?"ன்னாரு அண்ணாச்சி.

"அருவி இல்லாத அருவி ஊருன்னு இப்ப மட்டும் என்ன, அழுதுக்கிட்டா இருக்கான்?"

சாயந்தரத்துக்குள்ள ஊரே மூட்டை முடிச்சோட மலை ஏறிருச்சு. தங்கப் போற பழக்கம் அவங்களுக்குக் கல்யாண வீட்டோட சரி. அதனால ஒருத்தி ஆறு தலகாணி, ஒருத்தன் டேபிள் பேனு, வள்ளிமயிலு அடை காக்கிற கோழிய கூடையோட. டெண்டுத் துணி பத்தாதவங்க பழைய சேலை, கல்யாணப் பந்தல், கட்சிப் பேனர் எல்லாத்தையும் கட்டி உள்ள போய் உக்காந்தாங்க. ஒரு பேனர்ல வேட்பாளரு கும்பிட்ட கையோட சிரிச்சாரு, அதுக்குள்ள அவரோட எதிர்க்கட்சிக்காரரு குடும்பத்தோட தங்குனாரு. வேற வழி?

மொத ரெண்டு நாளு ஒரே கூத்து. மெதுவாப் பேசுங்கன்னா அந்த ஊருக்கு எப்படின்னே தெரியல. சண்டைய மட்டும் நிறுத்த முடியுமா? ரகசியக் குரல்லயே சண்டை போட்டாங்க. "உன் கோழி என் பாயில ஏறுது"ன்னு ஒருத்தன் காத்து மட்டும் வாரமாதிரி சொல்ல, "ஏறுனா எறங்கும்"னு வள்ளிமயிலு உதட்ட மட்டும் அசைக்க, கேட்டவனுக்குக் கோவம் வாரதுக்குப் பதிலா சிரிப்பு வந்துச்சு. மெதுவாப் பேசி ஒருத்தனத் திட்டுறது ரொம்பக் கஷ்டம். பாதி வசவு தொண்டையிலயே உக்காந்துக்கும்.

அப்புறம் பழகிருச்சு. பழகுனதும் ருசி கண்டுட்டாங்க. உப்பு வாங்கப் போனா கயித்துக்கு வெளிய நின்னு உள்ள வரலாமான்னு கேக்கிறது, "வாங்க வாங்க"ன்னு உள்ள இருந்து வரவேற்பு கேக்கிறது, இதுலயே பொம்பளைங்களுக்கு ஒரு பொழுது போச்சு. இருவது வருசமா ஒருத்தர் வீட்டுக்குள்ள ஒருத்தர் சொல்லாம கொள்ளாம நொழஞ்சவங்க, இப்ப அழைப்பு கெடைச்சு உள்ள போற மாதிரி சேலையச் சரி பண்ணிக்கிட்டாங்க. ஐயம்பெருமாள் அண்ணாச்சி தான் போட்ட பீடித்துண்ட தானே குனிஞ்சு பொறுக்கி மடியில கட்டுனாரு. அவரு குனிஞ்சத ஊரு அன்னைக்குத்தான் பாத்துச்சு. ஒத்த இழையா கெடந்த சடைச்சி, இதையெல்லாம் ஓரக்கண்ணால பாத்துக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா தடிச்சு, கயித்தோட இந்தப் பக்கம் வந்து உக்காந்தா.

பூலித்துரை ஒரு நாள் சாயந்தரம் அவ கயித்துக்கு வெளிய போய் நின்னாரு. மாடத்தி தூரத்துல இருந்து பாத்துக்கிட்டே இருந்தா. மனுசனுக்கு வாயி கோணுது, கழுத்தச் சொறியறாரு, ரெண்டு தடவ திரும்பிப் பாக்காரு.

"உள்ள... வரலாமா?"

சடைச்சி தண்ணிய நிறுத்திட்டா. வேண்டாம்னு அர்த்தம். பூலித்துரை மூஞ்சத் தூக்காம திரும்பி வந்து மாடத்தி பக்கத்துல உக்காந்தாரு.

"வேண்டாம்ங்கா"ன்னாரு.

"நாளைக்குக் கேளுங்க."

"நாளைக்கும் வேண்டாம்னா?"

"அவ இஷ்டம்தான?"

"அதானே"ன்னாரு பூலித்துரை. அந்த வார்த்தை அவரு வாயில இருந்து வந்து மாடத்தி கேட்டது, கல்யாணத்துக்கப்புறம் இதான் மொதத் தடவ.

மறுநாளும் கேட்டாரு, மறுநாளும் இல்ல. அதுக்கு மறுநாள் அவ ஒரு கை தண்ணிய அள்ளி அவரு நெஞ்சுல விசிறுனா. பூலித்துரை நனைஞ்ச பனியன ஒவ்வொரு டெண்டு வாசல்லயும் போய் நின்னு, ரகசியக் குரல்ல, "பாத்தியா, பாத்தியா"ன்னு காட்டிட்டு வந்தாரு. காயக் கூடாதுன்னு அன்னைக்கு வெயில்லயே போகல.

அப்படியே ஏழு நாளு முடிஞ்சு போச்சு.

அன்னைக்குக் காலையில ஐயம்பெருமாள் அண்ணாச்சி, கேட்டோரம் மாடத்தி தனக்குன்னு கட்டியிருந்த கயித்துக்கு வெளிய வந்து நின்னு, முறையாக் கேட்டு, உள்ள வந்து உக்காந்தாரு.

"மாடத்தி, ஏழு நாளுன்னு எழுதுனவன் எங்கயோ ஆபீஸ்ல இருக்கான். நீ கண்ண மூடிக்க. அவ இங்கயே இருக்கட்டும். நாங்க கடையெல்லாம் இங்க தூக்கிட்டு வந்துருதோம். கெளப்பிவிட்டு அவ அங்கிட்டு எறங்கிட்டான்னா?"

சுத்தி நின்னவங்க எல்லாரும் தலையாட்டுனாங்க. பூலித்துரை தலையாட்டல, ஆனா பொண்டாட்டி மூஞ்சியவே பாத்தாரு. இருந்துட்டுப் போகட்டுமேன்னு மாடத்திக்கும் ஆசைதான். இந்தத் திடல ஊரு திரும்பிப் பாத்ததே இப்பத்தான். ஆனா பஜ்ஜிக் கடையும் எண்ணெய்ச் சட்டியும் மலை ஏறி வந்தா அப்புறம் இது எந்த இடம்?

"அளவில்லாத ஊருன்னுதான் அவ கெளம்பி வந்தா"ன்னா மெதுவா. "விதி எல்லாருக்கும்னு கேட்டுலயே சொன்னேன். இங்கயும் அளவு இல்லேன்னா, அப்ப நெசமாவே அவளுக்குப் போக்கிடம் கேரளாதான்."

எந்திரிச்சுப் போய் நாவல் மரத்தடிக் கயித்துக்கு வெளிய நின்னா. உள்ள வரலாமான்னு கேட்டா. சடைச்சி வழி விட்டா.

"தாயி, தங்குற நாளு முடிஞ்சுது"ன்னா மாடத்தி. "இருன்னு சொல்ல எனக்கு ஆசை. சொல்ல எனக்கு உரிமை இல்ல. எங்க போகணும்னு சொல்லவும் உரிமை இல்ல. இடத்த வந்தப்ப இருந்த மாதிரி விட்டுட்டுப் போ."

சடைச்சி சாமான் கட்டுனா. மண்ணுல ஊறுன ஈரத்த எல்லாம் உறிஞ்சி எடுத்தா, பாசியில இருந்த தண்ணியப் பிழிஞ்சு எடுத்தா, மீன எண்ணி உள்ள போட்டா, நாவல் வேருக்குள்ள ஒளிஞ்ச நண்ட இழுத்து இடுப்புல செருகுனா. அவ முடிச்சப்ப அந்த மண்ணுல, எப்பவும் காஞ்சு கெடந்த மண்ணு மாதிரி புழுதி பறந்துச்சு. அப்புறம் அவ நிமிந்து, கயித்த அவுத்துச் சுருட்டி மாடத்தி கையில குடுத்துட்டு, மலை ஓரத்துக்குப் போயி, அந்தப் பக்கம் எறங்கிட்டா.

கேரளா பக்கம்.

ஊரு பூரா வாயத் தொறந்துச்சு. ஒரு சத்தம் வரல. கத்திக் கூப்பிடணும்னு எல்லாருக்கும் தொண்டை வரைக்கும் வந்துச்சு, ஆனா பொறப்பட்டுப் போற விருந்தாளியப் பின்னாலயே கத்தி மறிக்கிறது மொறை இல்லேன்னு அங்க தங்குன நாள்ல உடம்புலயே ஊறியிருந்துச்சு. பூலித்துரை தொடை மேல ரெண்டு கையையும் அழுத்திக்கிட்டு, கண்ணுல தண்ணியோட வாய மூடிக்கிட்டே நின்னாரு. அப்புறம் ஒவ்வொருத்தரா டெண்ட அவுத்தாங்க, சாம்பல அள்ளுனாங்க, இடத்தக் கூட்டுனாங்க, குப்பைய மூட்டை கட்டித் தலையில வெச்சுக்கிட்டு வரிசையா மலை எறங்குனாங்க. மாடத்தியும் கேட்டப் பூட்டிட்டுப் பின்னாலயே எறங்குனா. ஒருத்தரும் அவளத் திட்டல. அண்ணாச்சி மட்டும் ஒரு தடவ திரும்பி, "சொன்னேனே மாடத்தி"ன்னாரு, அதுவும் ரகசியக் குரல்ல. அந்த மெதுவான குரல்தான் அவளுக்கு ரொம்ப வலிச்சுது.

காஞ்ச பாறைக்கு முன்னால எல்லாரும் மூட்டைய எறக்கி உக்காந்தாங்க. மாடத்தி பாறைக்குக் கீழ, தண்ணி விழுந்து விழுந்து குழிஞ்ச எடத்துல போயி நின்னு, அந்த வழவழப்புல கைய வெச்சுப் பாத்தா. வெயிலு சாஞ்சு, மலை நெழலு பாறை மேல ஏறுற நேரம், மேல சளசளன்னு ஒரு பேச்சு சத்தம். ஒருத்தி பேச, இன்னொருத்தி இடைமறிச்சுப் பேச.

சடைச்சி உச்சியில நின்னா. போன மேனிக்கு இல்ல, இடுப்புல ஒரு சின்ன அருவியத் தூக்கி வெச்சிருந்தா. அந்தப் பக்கத்துக் காட்டுல ஒத்தையில விழுந்துக்கிட்டிருந்த பிள்ள போல. கூட்டிட்டு வரத்தான் போயிருக்கா.

தண்ணி பொங்கி எறங்குச்சு. எறங்குனது, மாடத்தி தலைக்கு ஒரு முழம் மேல வந்து அந்தரத்துல நின்னுச்சு. அருவி அப்படியே, பாறை அகலத்துக்கு, ஒரு சொட்டு சிந்தாம, காத்துல நின்னுச்சு. மாடத்தி நிமிந்து பாத்தா. என்னன்னு புரியல.

"ஏட்டி"ன்னாரு பூலித்துரை, மெதுவா. "உங்கிட்டதான் கேக்கா."

"எதுக்கு?"

"வரலாமான்னு."

மாடத்தி சேலைத் தலைப்ப இழுத்து இடுப்புல செருகுனா. மூக்க உறிஞ்சிக்கிட்டா.

"வா தாயி"ன்னா.

சடைச்சி வந்தா. மாடத்திக்குத் தலை நனைஞ்சு, தோளு நனைஞ்சு, ஏழு நாள் பயமெல்லாம் கரைஞ்சு கால் வழியா ஓடுச்சு. ஊரு இன்னும் எந்திரிக்கல, அவங்கவங்க முறை வரட்டும்னு காத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. ஆனா அந்தச் சின்னது இருக்கே, அதுக்கு என்ன தெரியும்? சடைச்சி இடுப்புல இருந்து நழுவி, யாரையும் கேக்காம, ஒரே தாவா தாவி, ஐயம்பெருமாள் அண்ணாச்சி தலைமேல தொப்புன்னு குதிச்சு, இஸ்திரி வேட்டிய முழுசா நனைச்சு, கெக்கெக்கெக்கன்னு சிரிச்சுது.

அண்ணாச்சி கத்துறதுக்கு வாயத் தொறந்தாரு. சுத்தி எல்லாரும் அவரையே பாத்தாங்க. தொறந்த வாய்க்குள்ள நல்லா நாலு மடக்கு தண்ணி போயிருச்சு. முழுங்குனாரு, மூஞ்சத் தொடச்சாரு, மூஞ்சத் தூக்கல.

"சின்னப்பிள்ள"ன்னாரு, யாருக்கும் கேக்காத குரல்ல. "நல்ல இனிப்பா இருக்குல்ல?"